ஒரே ஆளுக்கு நாலு வியாதி: எதை எண்ணுறது, எப்படி எண்ணுறது

ஒரே ஆளுக்கு ரெண்டு இல்ல அதுக்கு மேல நாள்பட்ட வியாதி இருந்தா அது மல்டிமார்பிடிட்டி. டெஃபினிஷன் அவ்ளோதான், மனப்பாடம் பண்ண ஒரு நிமிஷம் கூட ஆகாது. ஆனா அந்த ரெண்டை எந்த லிஸ்ட்லேர்ந்து எடுக்கறீங்கங்கறதுலதான் மொத்த வில்லங்கமும் இருக்கு. தீசிஸ் பண்றவங்க ஷீட்டை தூக்கிட்டு வந்து "ப்ரிவலன்ஸ் (நூத்துக்கு எத்தனை பேருக்கு இருக்குங்கறது) இவ்ளோ வருது, சரியா"ன்னு கேப்பாங்க, "லிஸ்ட்ல எத்தனை வியாதி வச்சிருக்கீங்க"ன்னு திருப்பி கேட்டா முக்கால்வாசி பேர் முழிப்பாங்க. அவங்கள மட்டும் குத்தம் சொல்ல முடியாது. 2021ல ஒரு ரிவ்யூ வந்துச்சு, 566 ஆய்வுகளை பாத்திருக்காங்க, ஒருத்தர் 2 வியாதிய வச்சு எண்ணியிருக்காரு, இன்னொருத்தர் 285 வச்சு எண்ணியிருக்காரு, மீடியன் (வரிசையா அடுக்கினா நடுவுல வர்ற நம்பர்) 17. இதுல ஒரு ஆய்வு நம்பரை இன்னொண்ணோட எப்படி ஒப்பிடுவீங்க?

மொதல்ல ஒரு வார்த்தை குழப்பத்தை தீத்துக்குங்க. கோமார்பிடிட்டி வேற, மல்டிமார்பிடிட்டி வேற. கோமார்பிடிட்டின்னு 1970ல ஆல்வன் ஃபைன்ஸ்டீன்னு ஒரு அமெரிக்க டாக்டர் சொன்னது ஒரு மெயின் வியாதிய நடுவுல வச்சு, அதுகூட வேற என்னென்ன சேந்து இருக்குன்னு பாக்கறது. கேன்சர் பேஷண்டுக்கு சுகரும் இருக்கான்னு கேட்டா அது கோமார்பிடிட்டி. மல்டிமார்பிடிட்டில நடுவுல வியாதி கிடையாது, ஆள்தான். உங்க கேள்வி எதுன்னு முடிவு பண்ணிட்டுதான் அடுத்ததுக்கு போகணும், ஏன்னா அளக்கற கருவியே மாறிடும்.

இப்போ லிஸ்ட். சொந்தமா உக்காந்து யோசிச்சு எழுதாதீங்க, ஏற்கனவே நிபுணர்கள் பேசி முடிவு பண்ணினது இருக்கு. 2022ல வந்த டெல்ஃபி (நிபுணர்கள்கிட்ட சுத்து சுத்தா கேட்டு முடிவுக்கு வர்ற முறை) ஒருமித்த கருத்துல 24 வியாதிய எப்பவும் சேக்கணும், 35ஐ பெரும்பாலும் சேக்கணும்னு பிரிச்சு குடுத்திருக்காங்க, அதுலேர்ந்து ஆரம்பிங்க. எதையாவது விட்டா ஏன் விட்டீங்கன்னு ஒரு வரி எழுதி வைங்க. மனநோயை விட்டுடாதீங்க, நெறைய லிஸ்ட்ல டிப்ரஷனே இருக்காது, எனக்கு இது ரொம்ப நாள் எரிச்சல்.

ஒரே ஒரு பேஷண்டை வச்சு பாப்போம், லிஸ்ட் என்ன பண்ணும்னு புரியும். 68 வயசு அம்மா. சுகர், பிபி, தைராய்டு கம்மி, முழங்கால் தேய்மானம், டிப்ரஷன், காது மந்தம். நீளமான லிஸ்ட் வச்சா 6. சுகர், பிபி, ஹார்ட், ஸ்ட்ரோக், ஆஸ்துமான்னு அஞ்சே அஞ்சு வச்சா 2. "பிபி வியாதி இல்லப்பா, ரிஸ்க் ஃபேக்டர்தான்"னு ஒருத்தர் தூக்கிட்டா 1, இப்போ அந்தம்மாவுக்கு மல்டிமார்பிடிட்டியே கிடையாது. முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கு.

லிஸ்ட் முடிஞ்சா ஒவ்வொரு வியாதிக்கும் "இருக்கு"ன்னா என்ன அர்த்தம்னு எழுதணும். இதுல சோம்பல் படறவங்கதான் பின்னாடி அழறாங்க. சின்ன வயசுல ஆஸ்துமா இருந்து இப்போ ஒண்ணும் இல்லன்னா எண்ணுவீங்களா? இருபது வருஷம் முன்னாடி குணமான கேன்சர்? 2012ல ஸ்காட்லாந்துல 17.5 லட்சம் பேர் ரெக்கார்டை வச்சு 40 வியாதி எண்ணின ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல ஆஸ்துமான்னா இப்போ மருந்து எடுக்கறவங்க மட்டும், கேன்சர்னா கடைசி 5 வருஷத்துல புதுசா கண்டுபிடிச்சது மட்டும்னு தெளிவா வச்சிருந்தாங்க. (அதுல மல்டிமார்பிடிட்டி வந்தது 23.2 சதவீதம். இன்னொரு விஷயம், வயசானவங்க வியாதின்னு நெனச்சு 65க்கு மேல மட்டும் எடுக்காதீங்க, அதே ஆய்வுல தலை எண்ணிக்கைய பாத்தா 65க்கு கீழ உள்ளவங்கதான் அதிகம்.) அதே மாதிரி ஆஞ்சைனா (இதயத்துக்கு ரத்தம் பத்தாம வர்ற நெஞ்சு வலி), ஹார்ட் அட்டாக், ஸ்டென்ட் வச்சது, இது மூணும் மூணா இல்ல ஒண்ணா? என் கருத்து ஒண்ணு, அடைப்பு ஒண்ணுதானே.

மருந்தை வச்சு வியாதிய கண்டுபிடிக்கறதுல நானே நல்லா வாங்கிருக்கேன். மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை எடுக்கறவங்க எல்லாம் சுகர்னு ஃபார்முலா போட்டு ஓடவிட்டேன், 24 வயசு பொண்ணுங்க வரிசையா சுகர் பேஷண்டா வந்து நின்னாங்க. பாத்தா பிசிஓஎஸ்க்கு (ஹார்மோன் கோளாறால மாதவிடாய் தள்ளிப்போற பிரச்சனை) குடுத்தது. அதே ஷீட்ல நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின் (டிப்ரஷனுக்கும் குடுக்கற மருந்து) எடுத்தவங்க டிப்ரஷன்னும், மைக்ரேனுக்கு ப்ரோப்ரானலால் (பிபிக்கும் குடுக்கற மருந்து) எடுத்தவங்க பிபின்னும் வந்துட்டாங்க. மூணு நாள் வேலை போச்சு. மருந்து மட்டும் பத்தாது, டயக்னோஸிஸோ லேப் ரிசல்ட்டோ கூட ஒண்ணு வேணும். பேஷண்டையே கேட்டு எழுதினா அதுவும் முழுசா வராது, சுகர் பிபி எல்லாம் கரெக்டா சொல்லுவாங்க, கிட்னி லேசா டவுனா இருக்கறது பெரும்பாலானவங்களுக்கு தெரியாது.

அடுத்து சும்மா எண்ணணுமா, வெயிட் (பெரிய வியாதிக்கு அதிக மார்க்) போடணுமா? ஊர்ல எவ்ளோ பேருக்கு இருக்குன்னு பாக்கறதுக்கு எண்ணினா போதும். யார் இறந்துபோவாங்கன்னு கணிக்கணும்னா சார்ல்சன்ங்கற மார்க் போடற முறை, 1987ல வந்தது, 19 வியாதி, 1லேர்ந்து 6 வரைக்கும் வெயிட். சாதா சுகருக்கு 1, கண்ணு கிட்னி நரம்பு பாதிச்ச சுகருக்கு 2 (ரெண்டையும் கூட்டி 3 போட்டுடாதீங்க, பெருசு எதுவோ அது மட்டும்), பரவின கேன்சருக்கு 6. நம்ம 68 வயசு அம்மாவுக்கு சார்ல்சன் போட்டா சுகருக்கு 1, மத்த அஞ்சுக்கும் பூஜ்யம்! ஏன்னா அது சாவை கணிக்க செஞ்சது, கஷ்டத்தை அளக்க இல்ல. 1998ல வந்த எலிக்ஸ்ஹவுசர்ங்கற இன்னொரு முறைல 30 வியாதி, பிபி, தைராய்டு, டிப்ரஷன் எல்லாம் உண்டு, அதே அம்மாவுக்கு 4 வரும். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் டேட்டா கைல இருந்தா இது வசதி. சிஐஆர்எஸ்னு (Cumulative Illness Rating Scale) ஒண்ணு இருக்கு, 14 உறுப்பு மண்டலத்துக்கு 0 டூ 4 மார்க் போடறது, தீவிரம் நல்லா தெரியும், ஆனா ஒவ்வொரு கேஸ் ஷீட்டையும் உக்காந்து படிக்கணும், ஆயிரம் பேருக்கு பண்ண நெனைக்காதீங்க.

வயசானவங்க க்ரூப்ல ரெண்டுங்கற கட்ஆஃப் வச்சா கிட்டத்தட்ட எல்லாருமே உள்ள வந்துடுவாங்க, யாரை கவனிக்கணும்னே தெரியாது. அங்க 3 வச்சும் ஒரு தடவ ஓட்டிப்பாருங்க, இல்ல மூணு வெவ்வேற மண்டலத்துல மூணு வியாதின்னு வைங்க. நம்ம அம்மாவோட சுகரும் தைராய்டும் ஒரே மண்டலம், ஆனாலும் மொத்தம் அஞ்சு மண்டலம் தேறுது. ரெண்டு கட்ஆஃப்ல வந்த நம்பரையும் டேபிள்ல போடுங்க, ஒண்ணை மறைக்காதீங்க.

அப்புறம் எக்செல்ல காலியா இருக்கற செல்லை 0ன்னு ஃபில் பண்ணிடாதீங்க. இருக்கு, இல்ல, பதிவே இல்லன்னு மூணு ஆப்ஷன் வைங்க. காது டெஸ்ட்டே பண்ணாத ஆளுக்கு காது நல்லா இருக்குன்னு நீங்களா எழுதிடக்கூடாதுல்ல.