குழந்தையின் முழங்காலை வைத்துக் கடற்கரையை அளப்பது எப்படி?

என் மகளுக்கு மூன்று வயதானபோது முதன்முதலாகக் கடலுக்கு அழைத்துப்போனேன். இடத்தைத் தேர்ந்தெடுத்தது ஒரு புகைப்படத்தைப் பார்த்து: நீலக் கடல், வெள்ளை நுரை, கூட்டமில்லாத மணல். கணுக்கால் அளவு நீரில்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்த அலை திரும்பும்போது அவள் காலடி மணலையும் வாரிக்கொண்டு போனது. ஒரு கணம் அவளுடைய எடை முழுவதும் என் இரண்டு விரல்களில் தொங்கியது. அன்று முதல் புகைப்படத்தை நம்பி எந்தக் கடற்கரைக்கும் போவதில்லை. ஏழெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டினருக்காக, நான் கடைப்பிடிக்கும் முறையை அதே வரிசையில் எழுதுகிறேன்.

படி 1: முதலில் மாதத்தைப் பாருங்கள்

நம் கடல் ஆண்டு முழுவதும் ஒரே குணத்தில் இருப்பதில்லை. ராமேஸ்வரம் பக்கத்தில் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மன்னார் வளைகுடா பொங்கும். அப்போது பாக் விரிகுடா குளம்போல் கிடக்கும். அக்டோபரில் வாடை தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னை, கடலூர், நாகை என்று கிழக்குக் கரை முழுவதுமே கொந்தளிப்பாக இருக்கும். அந்த மூன்று மாதங்களில் சிறு பிள்ளைகளைக் கடலில் இறக்கும் திட்டமே வேண்டாம். பிப்ரவரியும் மார்ச்சும் எனக்குப் பிடித்த மாதங்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் போவதாக இருந்தால் இன்னொரு சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள்: கள்ளக்கடல். வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது. ஆனால் எங்கோ தெற்குப் பெருங்கடலில் வீசிய புயலின் அலைகள் பல நாள் பயணம் செய்து வந்து திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் அந்த மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் இயங்கும் இன்காய்ஸ் நிறுவனம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது, செய்திகளிலும் வரும். கிளம்புவதற்கு முந்தைய இரவு ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

படி 2: இடத்தை முடிவு செய்யுங்கள்

சின்னக் குழந்தைகளுக்கு எந்தக் கடற்கரை என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அரியமான். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில், உச்சிப்புளியைத் தாண்டிப் பிரிந்து போக வேண்டும். பாக் விரிகுடாக் கரை. அலை என்று சொல்வதற்கு அங்கே அதிகம் இருக்காது. கரையோரம் சவுக்குத் தோப்பின் நிழல் உண்டு. என் மகள் இரண்டாவது முறையாகக் கடலைப் பார்த்தது அங்கேதான். தண்ணீரில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு, தொடையின் மேல் ஊர்ந்து போன ஒரு கடுகளவு நண்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்னைக்காரர்களுக்குக் கோவளம். 2021-இல் நீலக்கொடிச் சான்றிதழ் பெற்றது. நீரின் தரம், கழிப்பறை, உடைமாற்றும் அறை, உயிர்காப்பாளர் ஆகியவற்றைப் பார்த்துத் தரும் சான்றிதழ் அது. ஆனால் அலை அங்கும் உண்டு, எனவே அடுத்த படி கட்டாயம். மெரினாவுக்குத் தாராளமாகப் போங்கள். மணலுக்காகவும் சுண்டலுக்காகவும் மட்டும் போங்கள். அங்கே கடலில் குளிப்பதற்குத் தடை இருக்கிறது, அதற்குத் தகுந்த காரணமும் இருக்கிறது. தாத்தா பாட்டி சக்கர நாற்காலியில் வருகிறார்கள் என்றால், நீர் விளிம்பை நெருங்கும் வரை 2022-இல் அமைத்த மரப்பாதை மெரினாவில் உண்டு. பெசன்ட் நகர் கடற்கரையின் வெள்ளை வளைவை எல்லோரும் பார்த்திருப்போம். 1930-இல் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட மாலுமியின் நினைவுச் சின்னம் அது. தனுஷ்கோடியில் கடலைக் காட்டுங்கள், இறக்காதீர்கள்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு யாழ்ப்பாணத்துக் காரைநகர் கசூரினா கடற்கரையும் மட்டக்களப்புப் பக்கத்துப் பாசிக்குடாவும் இதே வகை: ஆழமில்லாத, அமைதியான நீர்.

படி 3: போனதும் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை; எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பிள்ளைகளை மணலில் விட்டுவிட்டுக் கடலைப் பாருங்கள். அலை எங்கே உடைகிறது? தொலைவில் உடைந்து, மெல்லிய விரிப்பாகக் கரைக்கு வந்தால் நல்லது. கரையிலேயே மடிந்து 'தொம்' என்று விழுந்தால் அங்கே நிலம் செங்குத்தாக இறங்குகிறது என்று பொருள். பிறகு நீங்கள் மட்டும் இறங்கி இருபது அடி நடந்து பாருங்கள். அதற்குள் உங்கள் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் அந்த இடம் வேண்டாம். குழந்தைக்கான அளவு இன்னும் எளிது: அலை வரும்போதும் நீர் அதன் முழங்காலைத் தாண்டக் கூடாது.

இரு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாகத் தெரிகிறதா? கலங்கிய நிறத்தில், நுரை கடலை நோக்கிப் போகிறதா? அதுதான் ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம். அமைதியாக இருக்கிறதே என்று பெற்றோர் தேடிப்போய் நிற்பதும் பெரும்பாலும் அங்கேதான். தப்பித்தவறிச் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி வெளியே வர வேண்டும். ஆற்று முகத்துவாரமும், மணல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுப் பாறைகளின் ஓரமும் வேண்டவே வேண்டாம். வலை பின்னிக்கொண்டிருக்கும் மீனவர் யாராவது இருந்தால் "அண்ணே, இங்கே பிள்ளைகள் இறங்கலாமா?" என்று கேளுங்கள். அவர் தலையசைக்காத இடத்தில் நான் இறக்கியதே இல்லை.

படி 4: காவலுக்கு ஒருவர்

"எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். அரை மணிக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அவர் கையில் கைபேசி இருக்கக் கூடாது, குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சிவப்பு, ஆரஞ்சு நிற உடை தண்ணீரில் உடனே கண்ணுக்குத் தெரியும், நீலம் மறைந்துவிடும். காற்றடைத்த வளையங்களை வாங்கித் தராதீர்கள். கிழக்குக் கரையில் காலை வேளையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். வளையம் குழந்தையோடு உள்ளே நகர்ந்துவிடும். உங்கள் எண்ணைக் குழந்தையின் முன்கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். 108 ஆம்புலன்ஸ், 1093 கடலோரப் பாதுகாப்பு, 1098 குழந்தைகளுக்கான உதவி எண்.

படி 5: நேரமும் சாப்பாடும்

காலை ஆறரைக்குப் போய் ஒன்பதரைக்குக் கிளம்புங்கள், அல்லது மாலை நான்குக்கு மேல். பகல் மணல் பிஞ்சுப் பாதத்தைச் சுட்டுவிடும். மிளகாய்ப் பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் வெயிலைத் தாங்கும். குடிநீர் போக, கால் கழுவ ஒரு கேன் தண்ணீர் தனியாக வேண்டும்.

படி 6: மணலில்

பிள்ளைகள் தோண்டும் குழி அவர்கள் முழங்காலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மணல் சரிந்தால் மூடிவிடும். கரையொதுங்கிய சொறி மீன் (ஜெல்லி மீன்) செத்ததுபோல் கிடந்தாலும் கொட்டும். பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல் நீரில் கழுவி மருத்துவரிடம் போங்கள். கிளம்பும்போது பொறுக்கிய சங்குகளை ஒரு தட்டில் பரப்பி ஐந்து நிமிடம் வையுங்கள். ஏதாவது ஒன்று நடக்கத் தொடங்கினால் உள்ளே துறவி நண்டு இருக்கிறது. அதைக் குழந்தையின் கையாலேயே ஈர மணலில் விடச் சொல்லுங்கள்.