பழைய வழக்கு, அமெரிக்க மாலுமி விசா, வேவர்: என் அனுபவம்

கீழக்கரை, தொண்டிப் பக்கம் கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்பது: "அபராதம் கட்டி முடிந்த வழக்குதானே, சொல்லணுமா?" சொல்லணும். டிஎஸ்-160 என்ற அமெரிக்க விசா விண்ணப்பப் படிவத்தில் கைது பற்றிய கேள்விக்கு 'இல்லை' என்று போட்டால், வழக்கைவிட அந்தப் பொய்தான் பெரிய தடை.

அமெரிக்கச் சட்டத்தில் சிறு குற்ற விலக்கு என்று ஒன்று உண்டு; அதில் அடங்கினால் அந்த வழக்கு விசாவுக்குத் தடையாகாது. ஒரே குற்றம், சட்டப்படி உச்சத் தண்டனை 1 ஆண்டுக்கு மேற்படாதது, விதித்த சிறைத்தண்டனை 6 மாதத்துக்குள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 2024 வரை நடப்பிலிருந்த இ.பி.கோ.வின் (இந்தியத் தண்டனைச் சட்டம்) 379-ஆம் பிரிவில் திருட்டுக்கு உச்சம் 3 ஆண்டு. வெறும் அபராதத்தோடு விட்டிருந்தாலும் விலக்குக் கிடையாது. 212(டி)(3) வேவர்தான் வழி, அதாவது தடை இருந்தும் விசா தர அந்தச் சட்டப் பிரிவு கொடுக்கும் தனி அனுமதி.

முதலில் தீர்ப்பின் சான்றிட்ட நகல். வழக்கு எண், தீர்ப்புத் தேதியோடு அதே கோர்ட்டில் நகல் மனு போடுங்கள். பழைய கட்டு பதிவறைக்குப் போயிருந்தால் இழுக்கும், அதனால் விசா தேதி எடுக்கும் முன்பே போடுவது நல்லது. தமிழ்த் தீர்ப்புக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். அபராத ரசீதைத் தொலைக்காதீர்கள்.

சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் வேவருக்குத் தனிப் படிவமில்லை. அதிகாரியிடம் வாய்விட்டுக் கேட்கணும். அவர் பரிந்துரைத்தால் முடிவு அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையிடம். அவர்கள் பார்ப்பது மூன்று: உங்களால் ஆபத்துண்டா, குற்றம் எவ்வளவு பெரிது, போக வேண்டிய காரணம் என்ன. ஒரு பக்கக் கடிதம் போதும், அழுது எழுத வேண்டாம்.

காத்திருப்பு மாதக்கணக்கில். இணையத்தில் 'மறுப்பு' என்றே காட்டும். பதறிப் புதுக் கட்டணம் கட்டாதீர்கள். அதுவரை கம்பெனியிடம் அமெரிக்கத் துறைமுகம் தொடாத கப்பல் கேட்டு ஏறிவிடுங்கள்.