வாடகை கேஸ்ல சம்மன்ஸை திருத்தணுமா? இப்படி பண்ணுங்க

தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கத்துல சாட்ஸ்வொர்த்ல எங்க மாமா வீட்டுக்குப் பின்னாடி இருக்கற அவுட்பில்டிங்கை வாடகைக்கு விட்டிருந்தார், ஆள் பணமும் குடுக்கல காலியும் பண்ணல, கடைசியில கேஸ் போட்டப்போ சம்மன்ஸ்ல (நம்ம கோரிக்கையை எழுதி கோர்ட் மூலமா எதிர்பார்ட்டிக்கு அனுப்பற பேப்பர்) "எட்டு மாச வாடகை பாக்கி, மாசம் 5,500 ராண்ட்"னு ஒரே வரியில எழுதிட்டாங்க. ஆனா மூணாம் மாசக் கடைசியிலயே லீஸை கேன்சல் பண்ணி லெட்டர் குடுத்தாச்சே! கேன்சல் ஆனப்புறம் அது வாடகை இல்லைங்க, உரிமையில்லாம இருந்ததுக்கான நஷ்டஈடு. அதாவது மூணு மாச வாடகை 16,500 தனி, மீதி அஞ்சு மாசத்துக்கு அந்த மாதிரி இடம் அந்த ஏரியாவுல என்ன வாடகைக்குப் போகுமோ அந்தக் கணக்கு தனி. ரெண்டையும் ஒண்ணாப் போட்டா எதிர்பார்ட்டி லாயர் அங்கதான் பிடிப்பார்.

தப்பு தெரிஞ்ச உடனே திருத்தப் போறோம்னு நோட்டீஸ் அனுப்புங்க, எந்தப் பாராவை எப்படி மாத்தறோம்னு அதுலயே தெளிவா இருக்கணும். ஹை கோர்ட்னா ரூல் 28, மாஜிஸ்ட்ரேட் கோர்ட்னா ரூல் 55ஏ. எதிர்பார்ட்டிக்கு ஆட்சேபிக்க 10 நாள், சனி ஞாயிறு லீவு நாள் எல்லாம் கணக்குல வராது. ஆட்சேபணை இல்லேன்னா அடுத்த 10 நாளுக்குள்ள மாத்தின பக்கங்களை எதிர்பார்ட்டிக்கும் கோர்ட்டுக்கும் டெலிவர் பண்ணணும், இதை மறந்துட்டு திருத்தியாச்சுன்னு நினைச்சிட்டு இருக்கறவங்க உண்டு. ஆட்சேபிச்சா 10 நாளுக்குள்ள கோர்ட்டுகிட்ட அனுமதி கேட்டு அப்ளிகேஷன் போடுங்க.

கோர்ட் என்ன பாக்கும்னா, கெட்ட எண்ணத்தோட கேக்கறீங்களா, செலவுத்தொகை குடுத்தாலும் ஈடுகட்ட முடியாத அநியாயம் மத்தவங்களுக்கு வருமா, அவ்வளவுதான், 1927ல மூல்மேன் கேஸ்லயே சொன்னது இது. தீர்ப்புக்கு முன்னாடி எப்ப வேணா அனுமதி கிடைக்கலாம், ஆனா விசாரணை அன்னிக்குப் போய் கேட்டீங்கன்னா கேஸ் தள்ளிப்போகும், அந்த செலவும் உங்க தலையிலதான். வாடகை பாக்கி 3 வருஷத்துல காலாவதி ஆயிடும், அதனால விட்டுப்போன புதுக் கோரிக்கையை லேட்டா திருத்தத்துல நுழைக்க முடியாது.

குடியிருக்கறவங்களுக்கும் சொல்றேன், திருத்தின பக்கம் கைக்கு வந்ததும் உங்க பதிலையும் மாத்திக்க 15 நாள் இருக்கு, அதை விட்டுடாதீங்க. வீடு ஒழுகுச்சு, டெபாசிட் திரும்ப வரலன்னு இருந்தா அப்பவே எழுதுங்க. வீட்டுக்காரர் லைட்டை கட் பண்ணாலோ பூட்டை மாத்தினாலோ அது சட்டவிரோதம், கோர்ட் ஆர்டர் இல்லாம யாரையும் வீட்டை விட்டு வெளியேத்த முடியாதுன்னு அரசியல் சட்டம் 26ம் பிரிவே சொல்லுது.