விடுதிப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்களா? தருமபுரி, கிருஷ்ணகிரி பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று மாலையே பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரைப் பக்கம் பெற்றோரின் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "உங்க பொண்ணு 460க்கு மேல எடுத்திருக்காமே, ஹாஸ்டல் சீட் ஒண்ணு எடுத்து வைக்கட்டுங்களா?" என்று ஒரு குரல் கேட்கும். மார்க் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று திருப்பிக் கேட்பவர்கள் குறைவு. "நாளைக்கே வந்து அட்வான்ஸ் கட்டிடுங்க, இல்லேன்னா சீட் முடிஞ்சிடும்" என்றதும், தக்காளி விற்ற பணமோ, பெங்களூரில் கட்டட வேலை பார்த்துச் சேர்த்த பணமோ மறுநாள் கவுன்ட்டருக்குப் போய்விடும்.

விடுதிப் பள்ளியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அஞ்செட்டி, சித்தேரி மாதிரி இடங்களில் பள்ளிக்கூடம் போய்வருவதே பெரும்பாடாக இருக்கும் பிள்ளைக்கு விடுதிதான் வழி. ஆனால் இந்தச் சேர்க்கையில் நடக்கும் சில தவறுகளைப் பின்னால் திருத்தவே முடியாது. அவற்றை முதலில் பார்த்துவிடலாம்.

பிளஸ் ஒன்னில் கைநழுவும் 7.5 சதவீதம்

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து, நல்ல மார்க்கும் எடுத்த பிள்ளையை, டாக்டர் ஆக்கவேண்டும் என்ற ஆசையில் பிளஸ் ஒன்னுக்குத் தனியார் விடுதிப் பள்ளிக்கு மாற்றுகிறார்கள். நம் இரு மாவட்டங்களிலும் நடக்கும் மிகப் பெரிய தவறு இதுதான் என்பது என் எண்ணம்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் வந்தது. நிபந்தனை ஒன்றுதான்: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை இலவசமாகப் படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கும் இது உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைக்குக் கிடையாது.

இந்த ஒதுக்கீட்டில் நீட் கட்-ஆஃப் பொதுப் பிரிவைவிட நன்றாகவே குறைவாக இருக்கும். கவுன்சலிங்கில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடத்துக்காகத் தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளை, அதே நீட் தேர்வைக் கூடுதல் மார்க் எடுக்க வேண்டிய பிரிவில் நின்று எழுத வேண்டியதாகிறது. பிளஸ் டூவுக்கு அரசுப் பள்ளிக்கே திரும்பினாலும் இடையில் விட்ட ஒரு வருடம் விட்டதுதான். லட்சக்கணக்கில் பணமும் கட்டி, கையிலிருந்த சலுகையையும் விட்டுக்கொடுப்பதை என்னவென்று சொல்வது? போனில் பேசும் பி.ஆர்.ஓ. இதைச் சொல்லப் போவதில்லை, அது அவர் வேலையும் இல்லை.

கல்லூரி சேர்ந்த பிறகு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் ஏறக்குறைய இதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்குதான். அங்கே மட்டும் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இடமுண்டு. எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வில் தேறிய பிள்ளைக்கு ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை வருடம் 12,000 ரூபாய் வரும். தனியார் பள்ளிக்கு மாறினால் அதுவும் நின்றுவிடும். சாப்பாடும் தங்குமிடமும் இலவசமாகத் தரும் அரசு உறைவிடப் பள்ளிக்குப் போனாலும் நிற்கும், ஆனால் அங்கே கிடைப்பது அந்தப் பன்னிரண்டாயிரத்தைவிடப் பெரிது என்பதால் கவலைப்பட வேண்டியதில்லை.

அப்படியானால் அரசுப் பள்ளிக் கணக்கிலேயே இருந்துகொண்டு விடுதியும் நல்ல பயிற்சியும் கிடைக்க வழி இல்லையா? இருக்கிறது. 2021-க்குப் பிறகு படிப்படியாக எல்லா மாவட்டங்களிலும் தொடங்கப்பட்ட அரசு மாதிரிப் பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து இருக்கின்றன. தருமபுரியிலும் உண்டு, கிருஷ்ணகிரியிலும் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே இடம், கட்டணம் கிடையாது. எட்டாவது, பத்தாவது படிக்கும்போதே தலைமையாசிரியரைப் பார்த்து, தேர்வு எப்போது, நம் பிள்ளை பெயர் போகிறதா என்று கேட்டுவிடுங்கள். சீட் வாங்கித் தருகிறேன் என்று வெளியில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இங்கே மத்திய அரசின் உறைவிடப் பள்ளியான நவோதயா பற்றியும் ஒரு வார்த்தை. யூடியூபில் வீடியோ பார்த்துவிட்டு நவோதயா நுழைவுத் தேர்வுப் புத்தகம் வாங்குபவர்களை ஓசூரில் நிறையப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் நவோதயா பள்ளியே கிடையாது. பக்கத்துக் கர்நாடக மாவட்டத்தில் இருக்கிறதே என்றால், அந்த மாவட்டத்திலேயே குடியிருந்து ஐந்தாம் வகுப்பும் அங்கேயே படிக்கும் பிள்ளைதான் எழுத முடியும். அத்திப்பள்ளி எல்லைக்கு இந்தப் பக்கம் படிக்கும் பிள்ளைக்குப் பயனில்லை.

சைனிக் பள்ளி: தேர்வுக்கு முன்பே தோற்பது

உடுமலைப்பேட்டையைத் தாண்டி அமராவதிநகரில் இருக்கும் சைனிக் பள்ளி 1962-லிருந்து நடக்கிறது. ஆறிலும் ஒன்பதிலும் சேர்க்கை. அகில இந்திய அளவில் தேர்வு, ஆண் பெண் இருபாலரும் எழுதலாம். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் பள்ளி என்பதால் மேலே சொன்ன 7.5 சதவீதக் கணக்கில் இது வராது. ராணுவ அதிகாரி ஆக வேண்டும் என்ற ஆசை பிள்ளைக்கே இருந்தால் போகட்டும். நீட் பயிற்சிக்காக அங்கே அனுப்புவதில் அர்த்தமில்லை.

முதல் சிக்கல் வயது. ஆறாம் வகுப்புக்கு, சேரும் வருடம் மார்ச் 31 அன்று பத்து வயது நிறைந்து பன்னிரண்டைத் தாண்டாமல் இருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்குப் பதின்மூன்றிலிருந்து பதினைந்து. நம் ஊர்ப்பக்கம் பிள்ளையை ஒன்றாவதில் சேர்க்கும்போது தாத்தா வாய்க்கு வந்த தேதியைச் சொல்லிவிட்டு வந்திருப்பார். பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, பள்ளிப் பதிவேட்டில் ஒரு தேதி, ஆதாரில் இன்னொன்று. விண்ணப்பிக்கும் வாரத்தில் இதைச் சரிசெய்ய ஓடினால் நடக்காது. நான்காவது படிக்கும்போதே மூன்றையும் எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பது வரைக்கும்.

இரண்டாவது, சாதிச் சான்றிதழ். நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மாநில அரசுக் காரியங்களுக்கானது. மத்திய அரசுத் தேர்வுகளுக்கு ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக, வருமான வரம்பு விவரத்தோடு வாங்க வேண்டும். அதற்கு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று நாள் பிடிக்கும்.

மூன்றாவது, பிரவுசிங் சென்டர். விண்ணப்பம் போடும் பையன் அவசரத்தில் இருப்பான். ஓ.டி.பி. வருவதற்குத் தன் நம்பரையே போட்டுக்கொள்வான், இமெயிலும் கடையுடையதுதான். "பாத்துக்கலாம் விடுங்கணா" என்பான். ஹால் டிக்கெட் வந்த தகவல், திருத்தம் செய்யக் கடைசி நாள், மருத்துவப் பரிசோதனைக்கான அழைப்பு எல்லாம் அவன் போனுக்குப் போகும். அவனிடம் அந்த மாதிரி நூறு பிள்ளைகள். உங்கள் நம்பர், உங்கள் பெயரில் ஒரு இமெயில், பாஸ்வேர்டை எழுதிய ஒரு நோட்டு, இந்த மூன்றும் இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள். கேட்டகிரி, தேர்வு மொழி, பிறந்த தேதி ஆகிய மூன்றையும் சப்மிட் செய்யும் முன் திரையில் விரல் வைத்துப் படியுங்கள்.

தேர்வு மொழி என்றேனே, ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். கௌரவத்துக்காக ஆங்கிலத்தை டிக் அடித்து, கணக்குத் தெரிந்த பிள்ளையைக் கேள்வி புரியாமல் தவிக்க விடுகிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் மட்டும்தான்.

படிப்பிலும் ஒரு தவறு. கனமான பொது அறிவுப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்துத் தலைநகரங்களை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். ஆறாம் வகுப்புத் தேர்வின் 300 மார்க்கில் கணக்குக்கு மட்டும் 150. மொழி, நுண்ணறிவு, பொது அறிவு மூன்றுக்கும் தலா 50. ஒன்பதாம் வகுப்பிலும் 400-க்கு 200 கணக்குதான். பின்னம், சதவீதம், பரப்பளவு தடுமாறும் பிள்ளைக்கு நாணயங்களின் பெயர் தெரிந்து என்ன ஆகப் போகிறது? நெகட்டிவ் மார்க் கிடையாது என்பதால் ஒரு கேள்வியையும் காலியாக விடக் கூடாது. ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பி வீட்டிலேயே பழக வேண்டும்.

எழுத்துத் தேர்வு முடிந்து மருத்துவப் பரிசோதனை உண்டு. கண் பார்வையை முன்னதாகவே ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. கட்டணம் வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

தனியார் விடுதி: ரிசப்ஷனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

டைல்ஸ் போட்ட ரிசப்ஷன், சுவர் முழுக்க மெடிக்கல் சீட் வாங்கியவர்களின் போட்டோ. இதைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் பணம் கட்டுகிறார்கள். அந்தப் போட்டோவில் இருப்பவர்களில் எத்தனை பேர் பிளஸ் டூ முடித்த வருடமே தேறினார்கள், எத்தனை பேர் அதற்குப் பிறகு வேறு சென்டரில் ரிப்பீட்டர் கோர்ஸ் படித்துத் தேறினார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகள் படுக்கும் அறையையும் கழிவறையையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடலாம். எத்தனை பிள்ளைக்கு ஒரு குளியலறை என்பதை நீங்களே எண்ணுங்கள்.

பிள்ளைகள் தங்கும் விடுதிக்குப் பள்ளி அங்கீகாரம் மட்டும் போதாது. 2014-ல் வந்த தமிழ்நாடு பெண்கள், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி தனி உரிமம் வேண்டும். அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கட்டணத்தில் பள்ளிக் கட்டணம், விடுதி, மெஸ், நீட் பயிற்சி, சலவை, புத்தகம் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். நடுவில் நின்றால் எது திரும்ப வரும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். வெறும் துண்டுச் சீட்டில் வாங்கும் பணத்துக்குப் பின்னால் ஆதாரம் இருக்காது.

நம்பகமான தகவல் வேண்டுமானால் லீவு விடும் நாளில் அந்தப் பள்ளிக்குப் பக்கத்துப் பஸ் ஸ்டாப்பில் போய் நில்லுங்கள். பெட்டியோடு நிற்கும் பெற்றோர் எல்லாவற்றையும் சொல்வார்கள்.

சேர்த்த பிறகு

பிள்ளையிடம் கேட்காமல் சேர்ப்பது, அல்லது "சும்மா பாத்துட்டு வரலாம்" என்று கூட்டிப்போய் விட்டுவிட்டு வருவது. இது பெரிய துரோகமாகத்தான் பிள்ளை மனதில் நிற்கும். எப்போது பார்க்க வருவோம், எந்தக் கிழமை போன் பேசலாம், பிடிக்காவிட்டால் என்ன செய்யலாம், எல்லாவற்றையும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்தவன் மூன்று வேளையும் இட்லி, சாதம் என்று இருக்கும் இடத்தில் முதல் மாதம் வயிறு நிறையாமல் திணறுவான். இதெல்லாம் பழகிவிடும். பழகும் வரை அம்மா போனில் அழாமல் இருந்தால் போதும். ஒவ்வொரு ஞாயிறும் டிபன் கேரியரோடு போய் நின்றால் பிள்ளை அடுத்த ஞாயிறுக்காகவே வாரத்தை ஓட்டும்.

ஊர்ப் பள்ளியில் முதல் ரேங்க் எடுத்தவள் அங்கே நாற்பதாவது வருவாள். அங்கே இருக்கும் எல்லாருமே அவரவர் பள்ளியில் முதலாவது வந்தவர்கள்தானே. முதல் தேர்வு மார்க்கைப் பார்த்து "இவ்ளோ பணம் கட்டி..." என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த வாக்கியத்துக்குப் பயந்தே பிள்ளைகள் கஷ்டத்தை மறைக்கிறார்கள். தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்குப் போன பிள்ளைக்கு அரையாண்டு வரையாவது அவகாசம் கொடுங்கள்.

வீசிங், வலிப்பு, படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் இருந்தால் சீட் போய்விடும் என்று மறைக்க வேண்டாம். வார்டனுக்குத் தெரியாமல் ராத்திரி இரண்டு மணிக்கு இழுப்பு வந்தால் யார் பார்ப்பது?

வீட்டு ஞாபகத்தில் அழுவது வேறு, பயந்துபோய் இருப்பது வேறு. திடீரென்று பேச்சு குறைவது, ஒரு குறிப்பிட்ட ஆள் பெயரைச் சொன்னால் பேச்சை மாற்றுவது, உடம்பில் காயம், எடை இறங்குவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் வார்டன் சொல்லும் சமாதானத்தோடு நிற்காதீர்கள், நேரில் போங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417. இரண்டையும் பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டும், போனில் சேமித்து வைப்பதில் பயனில்லை, ஏனென்றால் பிள்ளை கையில் போன் இருக்காது.

கடைசியாக, திரும்ப அழைத்து வருவது. கட்டிய பணம் போய்விடுமே என்று முடியாத பிள்ளையை இரண்டு வருடம் அங்கேயே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பாக்கியைக் காட்டி டி.சி. தர மாட்டோம் என்று சொன்னால், டி.சி.யைக் கட்டணம் வசூலிக்கும் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொல்லியிருப்பதை எடுத்துச் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சியும் வாங்கிக்கொள்ளுங்கள். எதுவானாலும் பிளஸ் ஒன் காலாண்டுக்குள் முடிவெடுத்துவிடுவது நல்லது. பிளஸ் டூ தொடங்கிவிட்டால் வேறு பள்ளியில் இடம் பிடிப்பது எளிதாக இருக்காது.