சிறிய பல்கலைக்கழகத்தை நேரில் பார்த்து எடைபோடுவது எப்படி? சிறுசேரி சி.எம்.ஐ.யை முன்வைத்து ஒரு செய்முறை

கணிதம் பிடித்த பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். பெரிய பொறியியல் கல்லூரியைப் பார்க்கப் போனால் எதைக் கவனிக்க வேண்டும் என்று ஊரே சொல்லிக்கொடுக்கும். கட்டடம், ஆய்வகம், வேலைவாய்ப்புப் பட்டியல், கல்லூரி பஸ். சில நூறு பேர் மட்டுமே படிக்கும் இடத்தில் இந்த அளவுகோல்களில் பாதிக்கு மேல் பயன்படாது. ஒரு பாடம் புரியாமல் போகும்போது அங்கே மாணவருக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். அதை எப்படிப் பார்ப்பது என்பதற்குச் சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட்டை, அதாவது சி.எம்.ஐ.யை, எடுத்துக்கொள்கிறேன்.

இந்த நிறுவனம் 1989-இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கணிதப் பிரிவாகத் தொடங்கியது. தொடங்கியவர் இயற்கணித வடிவியலில் உலகறிந்த கணித மேதை சி.எஸ்.சேஷாத்ரி. இளநிலைப் படிப்பு 1998-இல் வந்தது. 2005-இல் சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள வளாகத்துக்கு மாறினார்கள். 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. முதலில் ஆராய்ச்சி, பிறகுதான் இளநிலை வகுப்பு என்ற இந்த வரிசை முக்கியமானது. பள்ளியை முடித்துவிட்டு வரும் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஆராய்ச்சியாளரே பாடம் நடத்துகிறார். அது பெரும் பேறு. எல்லோருக்கும் ஒத்துப்போகுமா என்பது வேறு கேள்வி.

படி 1: போவதற்கு முன் பழைய வினாத்தாளை எடுத்து உட்காருங்கள்

சி.எம்.ஐ. இளநிலைச் சேர்க்கைக்குத் தனி நுழைவுத் தேர்வு வைக்கிறது. வழக்கமாக மே மாதத்தில் நடக்கும். பழைய வினாத்தாள்கள் அவர்களுடைய இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. வினாத்தாளில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் விடை மட்டும் போதும். இரண்டாம் பகுதியில் காரண காரியத்தோடு முழுத் தீர்வையும் எழுத வேண்டும். நீங்கள் உட்கார வேண்டியது அந்த இரண்டாம் பகுதியோடு.

அதன் போக்கு புரிவதற்கு, தேர்வில் வருவதைவிட மிக எளிதான ஒரு கணக்கைச் சொல்கிறேன். அடுத்தடுத்து வரும் மூன்று முழு எண்களைப் பெருக்கினால் கிடைப்பது 6-ஆல் வகுபடும் என்று நிறுவுக. நம் பிள்ளைகளில் பலர் உடனே 1 × 2 × 3 = 6, 2 × 3 × 4 = 24, 7 × 8 × 9 = 504 என்று போட்டுப் பார்த்துவிட்டு 'ஆகவே உண்மை' என்று எழுதிவிடுவார்கள். அது சரிபார்ப்பு, நிறுவல் ஆகாது. அடுத்தடுத்த மூன்று எண்களில் ஒன்று கட்டாயம் 3-இன் மடங்கு, குறைந்தது ஒன்றாவது இரட்டைப்படை. 2-க்கும் 3-க்கும் பொதுக் காரணி கிடையாது. ஆகவே பெருக்கற்பலன் 6-ஆல் வகுபடும். இந்த மூன்று வரிகளை எழுதி முடித்ததும் உள்ளுக்குள் ஒரு நிறைவு வந்தால், நீங்கள் அந்த வளாகத்தைப் போய்ப் பார்க்க வேண்டியவர். 'இதற்கு ஏன் இவ்வளவு?' என்று எரிச்சல் வந்தாலும் தவறில்லை. அந்த எரிச்சலையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான வினாத்தாளில் ஒரு கணக்குக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் கொடுங்கள். தீராவிட்டாலும் பரவாயில்லை. எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்பதை எழுதிவைத்துக் கையோடு கொண்டுபோங்கள்.

படி 2: பாடப்பட்டியலைப் படியுங்கள்

இளநிலையில் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த படிப்பு ஒன்று, கணிதமும் இயற்பியலும் சேர்ந்த படிப்பு மற்றொன்று. ஒவ்வொரு பருவத்திலும் என்னென்ன பாடம் என்று பாருங்கள். பிறகு அங்கே இல்லாதவற்றையும் பட்டியலிடுங்கள். பொறியியல் இல்லை, உயிரியல் துறை இல்லை, வணிகவியல் இல்லை. இரண்டாம் ஆண்டில் மனம் மாறினால், பெரிய பல்கலைக்கழகத்தில் செய்வதைப் போலப் பக்கத்துத் துறைக்குத் தாவ முடியாது. சிறிய நிறுவனத்தில் சேருவோர் கொடுக்கும் பெரிய விலை இதுதான். கட்டணத்தைவிட இதைப் பற்றித்தான் வீட்டில் அதிக நேரம் பேச வேண்டும் என்பேன்.

படி 3: அனுமதி கேளுங்கள், நாளைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

அலுவலகத்துக்கு நான்கைந்து வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்த வகுப்பில் படிக்கிறீர்கள், எந்த நாள்களில் வர முடியும், முதலாண்டு வகுப்பு ஒன்றில் கடைசி வரிசையில் உட்கார அனுமதி கிடைக்குமா, இரண்டு மாணவர்களோடு பேச முடியுமா. இவ்வளவு போதும். மாணவரே எழுத வேண்டும், அப்பா எழுதக் கூடாது.

நாள் விஷயத்தில் கவனம் தேவை. பள்ளிக்கு அரையாண்டு விடுமுறை வரும் டிசம்பர் கடைசியில் அங்கேயும் பருவ விடுமுறை. வெறும் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். காலாண்டுத் தேர்வு விடுமுறை நல்லது. அப்போது அங்கே வகுப்புகள் நடக்கும் காலம். பருவ நடுத் தேர்வு அந்த வாரத்தில் விழுகிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். பிளஸ் டூ மாணவர் மார்ச்சில் பொதுத்தேர்வை வைத்துக்கொண்டு அலைய முடியாது என்பதால், பிளஸ் ஒன் படிக்கும்போதே போய்வருவது உத்தமம்.

படி 4: போய்ச் சேருங்கள்

வளாகம் ராஜீவ் காந்தி சாலையை ஒட்டிய சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்குள் இருக்கிறது. தென்மாவட்டங்களிலிருந்து பஸ்ஸில் வருவோர் இறங்குவது கிளாம்பாக்கம், சிறுசேரிக்குப் பக்கத்து ஊர் கேளம்பாக்கம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். காலையில் அலுவலகக் கூட்டம் நெரிக்கும், நேரத்தோடு கிளம்புங்கள்.

படி 5: வகுப்பில் ஆசிரியரைவிட மாணவர்களைக் கவனியுங்கள்

பாடம் உங்களுக்குப் புரியாது. புரிய வேண்டிய அவசியமும் இல்லை. யாராவது குறுக்கே கேள்வி கேட்கிறார்களா? கேட்டால் மற்றவர்கள் திரும்பி முறைக்கிறார்களா, தாங்களும் யோசிக்கிறார்களா? ஆசிரியர் 'அது பிறகு வரும்' என்று தள்ளிவிடுகிறாரா, கரும்பலகையில் இரண்டு வரியை அழித்துவிட்டு மறுபடி எழுதுகிறாரா? எப்போதும் ஒரே ஆள்தான் கேட்கிறாரா? கேள்வியே எழாத வகுப்பு எனக்குக் கவலை தரும், அது எவ்வளவு புகழ்பெற்ற இடமானாலும் சரி.

அன்று பொதுக் கருத்தரங்கு ஏதாவது இருந்தால் அதிலும் போய் உட்காருங்கள். முதலாண்டு மாணவர்கள் தாமாக வந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

படி 6: மாணவர்களோடு தனியாகப் பேசுங்கள்

பெற்றோர் இந்த நேரத்தில் கேன்டீனில் தேநீர் குடிக்கட்டும். அம்மா பக்கத்தில் நின்றால் எந்த அண்ணனும் அக்காவும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

'இங்கே நன்றாக இருக்கிறதா?' என்று கேட்காதீர்கள். 'நன்றாக இருக்கிறது' என்றுதான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக எந்தப் பாடத்தில் திணறினீர்கள், அப்போது யாரிடம் போனீர்கள்? உங்களோடு சேர்ந்தவர்களில் யாராவது பாதியில் விலகினார்களா, ஏன்? முதல் பருவத்தில் மதிப்பெண் எப்படி இருந்தது? ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள்?

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி இதில் முதல் கேள்வியைக் கேட்டபோது, அந்த அக்கா பதில் சொல்லாமல் பையிலிருந்து திருத்திய வீட்டுப்பாடத் தாளை எடுத்து நீட்டினாராம். முழுப் பக்கத் தீர்வு. நடுவில் ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு, ஓரத்தில் 'ஏன்?' என்று ஒரே சொல். அந்த ஒரு சொல்லுக்குப் பதில் தேடி மூன்று பேர் இரவு விடுதியில் உட்கார்ந்திருந்தோம் என்று அக்கா சொன்னார். என் மாணவிக்கு வேறு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

தமிழ் வழியில் படித்தவர்கள் மொழியைப் பற்றித் தயங்காமல் கேளுங்கள். பாடம் ஆங்கிலத்தில்தான். இந்தியா முழுவதிலிருந்தும் வரும் மாணவர்கள், ஒலிம்பியாட் எனும் கணிதப் போட்டிக்குப் பயிற்சி பெற்றவர்கள் எல்லாம் ஒரே வகுப்பில் இருப்பார்கள். பள்ளியில் முதலிடத்திலேயே இருந்து பழகிய பிள்ளைக்கு அங்கே நடுவில் நிற்பது வலிக்கும். அந்த வலியை எப்படிக் கடந்தார்கள் என்று நம் ஊர்ப் பிள்ளை ஒருவரிடமே கேட்க முடிந்தால் மிக நல்லது.

படி 7: விடுதி, சாப்பாடு, பணம்

மதியம் அங்கேயே சாப்பிட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நூலகம் இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும், உடம்புக்கு முடியாவிட்டால் மருத்துவமனைக்கு யார் அழைத்துப் போவார்கள், மனம் சோர்ந்தால் பேச ஆள் உண்டா என்பதையும் கேளுங்கள். கட்டணம், கட்டணச் சலுகை, உதவித்தொகை பற்றி அலுவலகத்தில் கேட்டு, அந்த ஆண்டு விவரத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தெருவில் காதில் விழும் தொகையை நம்ப வேண்டாம்.

பெற்றோர் கேட்க விரும்புவது 'படித்தால் வேலை கிடைக்குமா?' என்பது. நியாயமான கேள்விதான், கூச்சப்பட வேண்டாம். இங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் முதுநிலைக்கும் ஆராய்ச்சிக்கும் போகிறார்கள், சிலர் மென்பொருள், நிதித் துறைகளுக்குப் போகிறார்கள். அதனால் 'சென்ற ஆண்டு முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?' என்று கேளுங்கள். சிறிய வகுப்பு என்பதால் ஏறக்குறைய ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்ல முடியும்.

படி 8: அன்றிரவே எழுதுங்கள், பிறகு இன்னோர் இடத்தையும் பாருங்கள்

திரும்பி வரும் ரயிலிலேயே மாணவர் ஒரு தாளிலும் பெற்றோர் ஒரு தாளிலும் தனித்தனியாக எழுதுங்கள். பிடித்தவை, உறுத்தியவை, இன்னும் தெரியாதவை. பேசிக்கொள்வதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் வீட்டில் யார் குரல் ஓங்கியதோ அவர்களுடைய கருத்தே எல்லோருடைய கருத்தாகிவிடும்.

ஓரிடத்தை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். 1931-இல் புள்ளியியல் அறிஞர் மகலானோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பெங்களூருவில் பி.மேத். என்ற இளநிலைக் கணிதப் படிப்பை நடத்துகிறது. அதற்கும் தனி நுழைவுத் தேர்வு உண்டு. உங்கள் மாவட்டத்திலேயே நல்ல கணிதத் துறை உள்ள அரசுக் கல்லூரி இருக்கலாம், அதையும் பாருங்கள். மூன்று இடத்திலும் அதே கேள்விகளை, அதே வரிசையில் கேளுங்கள். தெரியாதவை என்று எழுதியவற்றை, நன்றி சொல்லி அனுப்பும் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். எவ்வளவு நாளில், எவ்வளவு அக்கறையோடு பதில் வருகிறது என்பதையும் அந்தத் தாளில் சேர்த்து எழுதுங்கள்.