லைப்ரரிகளை நிர்வகிக்கும் அமைப்பு: நாங்கள் தடுக்கி விழுந்த இடங்கள்

2023 டிசம்பர் வெள்ளத்தில் பாளையங்கோட்டையில் எங்கள் சிறிய அலுவலகத்துக்கு நான்கு நாள் இணையம் இல்லை. தண்ணீர் வடிந்தபின், அம்பாசமுத்திரம் அரிசி ஆலை ஒன்றின் பில்லிங் மென்பொருளில் ஒரே ஒரு வரி திருத்த வேண்டியிருந்தது. ஜெனரேட்டர் போட்டுத் திருத்தினோம். பில்ட், அதாவது கோடிலிருந்து (நிரலிலிருந்து) மென்பொருளை உருவாக்கும் வேலை, ஓடவில்லை. நாங்கள் எழுதிய கோடு முழுக்கக் கையில் இருந்தது. அது நம்பியிருந்த, பிறர் எழுதிவைத்த ஆயத்தக் கோடுத் தொகுப்புகளான இருநூற்றுச் சொச்சம் லைப்ரரிகளில் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. பில்ட் சர்வர் ஒவ்வொரு தடவையும் அவற்றை வெளியிலிருந்து புதிதாக இறக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதன்பிறகுதான் எங்களுக்கென்று ஒரு ஏற்பாட்டை வடிவமைக்க உட்கார்ந்தோம்.

முதல் தவறு, லைப்ரரியின் எந்த வெர்ஷன் (பதிப்பு) வேண்டும் என்று உறுதியாகச் சொல்லாமல் திறந்து விடுவது. 1.4.2 என்ற எண்ணில் கடைசி இலக்கம் பிழைத்திருத்தம், நடு இலக்கம் புது வசதி, முதல் இலக்கம் மாறினால் பழைய கோடு உடையலாம் என்பது ஏற்பாடு. முன்னால் கேரட் குறி (^) போட்டால் 2.0.0-க்குக் கீழே புதிதாக எது வந்தாலும் அது உள்ளே வரலாம். அந்த எண்கள் லைப்ரரி எழுதியவர் தரும் வாக்கு மட்டுமே. ஒருமுறை எங்கள் மூட்டைக் கணக்கில் பைசா ரவுண்டாகும் விதம் தானாக மாறியது. "தம்பி, நேத்து வரைக்கும் நல்லாத்தான ஓடிச்சு, இப்ப என்னத்தத் தொட்டீங்க?" என்று ஆலைக்கார அண்ணாச்சி கேட்டார். நாங்கள் எதையும் தொடவில்லை. நாங்கள் பெயர்கூடக் கேட்டிராத, மூன்று படி தள்ளியிருந்த ஒரு லைப்ரரி மாறியிருந்தது. தலைமடையில் யார் கை வைத்தாலும் கடைமடையில்தான் வயல் காயும்.

லாக் ஃபைல் (lock file, வெர்ஷன்களைப் பூட்டி வைக்கும் கோப்பு) இதற்குத்தான். நேரடியாக வருவது, இன்னொன்றின் வழியாக வருவது என்று எல்லாவற்றின் சரியான வெர்ஷனையும், உள்ளடக்கத்தின் ஹாஷையும் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும், கைரேகை போன்ற குறியீடு) அது எழுதி வைக்கும். ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளை இறக்கித் தரும் கருவியான என்பிஎம்மில் 2017-இல் ஐந்தாம் பதிப்போடு இது வந்தது. அதைக் கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) சேர்க்காமல் விடுவது பெரிய பிழை. பில்ட் சர்வரில் 'என்பிஎம் இன்ஸ்டால்' கட்டளை கொடுப்பதும் பிழைதான்: நாம் கேட்கும் லைப்ரரிகளின் பட்டியலும் லாக் ஃபைலும் ஒத்துப்போகாவிட்டால் அது லாக் ஃபைலையே மாற்றிவிடும். 'என்பிஎம் சிஐ' என்ற கட்டளையோ அங்கேயே நின்றுவிடும். நிற்பதுதான் நமக்கு வேண்டும்.

அ, ஆ என்ற இரண்டு லைப்ரரிகள், மூன்றாவதான இ-யின் வெவ்வேறு வெர்ஷன்களைக் கேட்டால்? என்பிஎம் இரண்டு பிரதிகளையும் வைத்துக்கொள்ளும். பைத்தானில் ஒரு சூழலுக்கு ஒன்றுதான். கோ மொழி, எல்லோரும் கேட்கும் குறைந்தபட்ச வெர்ஷன்களில் உயர்ந்ததை எடுக்கும். இந்த முடிச்சை அவிழ்க்கச் சொந்தமாக ஒரு சால்வர் (எல்லாவற்றுக்கும் பொருந்தும் வெர்ஷன்களைத் தேடும் நிரல்) எழுதலாமே என்று எங்களுக்கும் ஆசை வந்தது. எழுதாதீர்கள். பொதுவான வடிவில் இது என்பி-கம்ப்ளீட் கணக்கு, அதாவது எப்போதும் வேகமாகத் தீர்க்கும் வழி எதுவும் அறியப்படாத வகை. 2018-இல் டார்ட் மொழிக்காக உருவான பப்கிரப் முறை, தீர்வு இல்லாதபோது ஏன் இல்லை என்பதைப் படிப்படியாகச் சொல்கிறது. இராத்திரி பதினோரு மணிக்குப் பில்ட் உடைந்து உட்கார்ந்திருப்பவருக்கு அந்த விளக்கம்தான் வேண்டும்.

வெளியில் இருப்பது என்றும் இருக்கும் என்று நம்புவது அடுத்தது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினொரு வரி லைப்ரரியை எழுதியவர் அதை எடுத்துவிட, உலகெங்கும் பில்டுகள் நின்றன. நடுவில் சொந்தமாக ஒரு சேமிப்பு சர்வர் வையுங்கள். அதில் ஒருமுறை ஏறிய வெர்ஷனை யாரும் அழிக்கவோ அதே எண்ணில் மாற்றி ஏற்றவோ கூடாது.

நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் பேக்கேஜுகளின் (பொதியாகக் கட்டிய லைப்ரரிகளின்) பெயரிலும் கவனம் வேண்டும். அதே பெயரில் பொதுவெளியில் ஒருவர் பெரிய வெர்ஷன் எண்ணோடு ஏற்றினால், சில கருவிகள் அதையே இழுத்துக்கொள்ளும். பாதுகாப்பு ஆய்வாளர் அலெக்ஸ் பிர்சன், பல பெரிய நிறுவனங்களில் இதைச் செய்து காட்டியதை 2021-இல் வெளியிட்டார். எந்தப் பெயர் எந்த இடத்திலிருந்து வரவேண்டும் என்று கட்டாயமாக எழுதி வையுங்கள்.

பூட்டி வைத்துவிட்டு மறந்துவிடுவதும் ஆபத்து. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது எல்லோரையும் திணறடித்த கேள்வி, அது நம்மிடம் எங்கெல்லாம் இருக்கிறது என்பதுதான். லைப்ரரியின் பெயரைக் கொடுத்தால் அதைப் பயன்படுத்தும் மென்பொருள்கள் எல்லாவற்றையும் காட்டும் தேடலை முதல் நாளிலேயே கட்டுங்கள். நாங்கள் தள்ளிப்போட்டு வருந்தினோம். அதற்காக வந்த அன்றே புதியதை எடுத்துக்கொள்வதும் சரியல்ல. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் ஒளிந்திருந்த பின்கதவை (இரகசிய நுழைவழியை), எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) நுழைவு அரை நொடி தாமதமானதைக் கவனித்த மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் 2024 மார்ச்சில் பிடித்தார். நாங்கள் பாதுகாப்புத் திருத்தத்தை உடனே எடுக்கிறோம், மற்றவற்றை ஒரு வாரம் ஆறவிடுகிறோம்.

இப்போது மாதம் ஒருநாள் பில்ட் சர்வரின் இணைய வயரைக் கழற்றி வைத்துவிட்டு, காலி ஃபோல்டரிலிருந்து பில்ட் ஓட்டுகிறோம். போன மாதம் உடைந்தது. பேக்கேஜ் எங்கள் சேமிப்பில்தான் இருந்தது; அதன் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் (நிறுவும்போது தானாக ஓடும் சிறு நிரல்) மட்டும் வேறொரு தளத்திலிருந்து ஒரு பைனரியை (தயாராக உருவாக்கிய இயங்கு கோப்பை) இறக்கப் பார்த்தது. அந்த பைனரியையும் ஹாஷோடு உள்ளே கொண்டுவந்தோம், இன்ஸ்டால் ஸ்கிரிப்டுகளை மொத்தமாக நிறுத்தி வைத்தோம், வயரை மறுபடி கழற்றி ஓட்டினோம்.