அம்பாசிடர் தரைத்தகட்டுக்கு ஸ்பாட் வெல்டிங்: பொட்டு பிடித்ததா, பிடித்த மாதிரி தெரிகிறதா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெரிய வீட்டு ஷெட்டில் வருஷக்கணக்கில் நிற்கும் அம்பாசிடரில் முதலில் பார்க்க வேண்டியது தரைத்தகடும் கதவுக்குக் கீழே ஓடும் சில் (sill) எனும் சட்டமும் சேரும் இடம். இந்த வண்டிக்குத் தனி சேஸி (அடிச்சட்டம்) கிடையாது, பாடிதான் பாரம் தாங்குகிறது. அந்த மூட்டு விட்டால் கதவு சரியாகப் பூட்டாது. இரண்டு தகட்டைச் செம்பு முனைகளால் அழுத்தி, கரண்ட் விட்டு, புள்ளி புள்ளியாக உருக்கி ஒட்டுவதுதான் ஸ்பாட் வெல்டிங்; அந்தப் புள்ளிதான் பொட்டு.

பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் டேங்கையும் இறக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

பழைய பொட்டுகளை 8 மி.மீ. ஸ்பாட் கட்டரால் (பொட்டைச் சுற்றி அறுக்கும் டிரில் பிட்) மேல் தகட்டோடு நிறுத்தி அறுங்கள். உளி வேண்டாம், அடித்தகடு கிழிந்துவிடும். புதுத் தகட்டுக்கு 20 கேஜ் சி.ஆர். ஷீட் (பூச்சில்லாத சாதா இரும்புத் தகடு, சுமார் 0.9 மி.மீ.) போதும். ஓரத்தில் 15 மி.மீ. மேலடுக்கு விடுங்கள். இரண்டு தகடும் ஒட்டும் உள்பக்கத்தை மட்டும் தேய்த்தால் போதாது, செம்பு முனை தொடும் வெளிப்பக்கமும் பளபளக்க வேண்டும். உள்ளே ஜிங்க் வெல்டிங் பிரைமர் மெல்லிசாக ஒரு கை.

பலரும் தடுக்கி விழுவது இனிமேல்தான். பொட்டு மேலே அழகாகப் பதிந்திருக்கும், உள்ளே ஒட்டியிருக்காது. காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, முனை மழுங்குவது: 5 மி.மீ. முனை 6 ஆனாலே பரப்பு 44 சதவீதம் கூடி, கரண்ட் பரவிப்போகும். ஃபைல் போட்டு 5-க்குக் கொண்டுவாருங்கள். இன்னொன்று வோல்டேஜ். 230 இருக்க வேண்டியது 200-க்கு இறங்கினால் சூட்டில் கால்பங்கு போய்விடும். தண்ணீர் மோட்டார் ஓடும் நேரத்தைத் தவிருங்கள். மெல்லிய, நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது.

அதனால் வண்டியில் வைக்கும் முன் அதே தகட்டின் இரண்டு துண்டுகளில் 30 மி.மீ. இடைவெளியில் இரண்டு பொட்டு வையுங்கள். கையில் பிடிக்கும் ஸ்பாட் வெல்டிங் மெஷினில் அரை விநாடியில் ஆரம்பியுங்கள். கரண்ட் நின்ற பிறகும் ஒரு விநாடி அழுத்தியே பிடியுங்கள். பிறகு குறடால் உரியுங்கள். ஒரு தகட்டில் ஓட்டை விழுந்து, மற்றதில் 4 மி.மீ. பொத்தான் நிற்க வேண்டும். சுத்தமாகப் பிரிந்தால் சூடு போதவில்லை. பொறி பறந்தால் அழுத்தம் குறைவு, அல்லது இடையில் துரு. இரண்டாவது பொட்டைக் கட்டாயம் உரித்துப் பாருங்கள்: முதல் பொட்டு வழியாகக் கரண்ட் கசிவதால் அதுதான் பலவீனமாக வரும். 20 மி.மீ.க்குள் நெருக்கினால் கசிவு இன்னும் மோசம்.

கை எட்டாத இடத்தில் மேல் தகட்டில் 7 மி.மீ. ஓட்டை போட்டு சி.ஓ.டூ வெல்டிங்கால் (கம்பியை உருக்கி நிரப்பும் வெல்டிங்) நிரப்புங்கள்.

பின்சேர்க்கை: ஜி.ஐ. ஷீட் (ஜிங்க் பூச்சுத் தகடு) வாங்கிவிட்டவர்களுக்கு. அதன் ஜிங்க் செம்பு முனையில் ஒட்டி, முனையைச் சீக்கிரம் கெடுக்கும். புகையும் காய்ச்சல் வரவைக்கும். பொட்டு விழும் இடத்தில் பூச்சைத் தேய்த்தெடுத்து, காற்றோட்டமான திறந்த இடத்தில் செய்யுங்கள்.